மண்ணுக்கடியில் இருப்பது யாருடையது? குமரி மாவட்ட ஆவணங்களில் கனிம உரிமையைத் தேடும் முறை

கல்குளம் வட்டத்தில் ஒரு ரப்பர் விளை (தோட்டம்) விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே சிறிது செம்மண், அதற்குக் கீழே பாறை. வாங்க வந்தவர் வில்லங்கச் சான்றைப் பார்க்கிறார், பட்டாவைப் பார்க்கிறார். இரண்டும் விற்பவரின் பெயரில் சுத்தமாக இருக்கின்றன. மரங்களை வெட்டிய பிறகு கல் உடைக்கலாம் என்று கணக்குப் போட்டு, சென்டுக்கு விலையைக் கூட்டிக் கொடுத்துப் பதிவு செய்துகொள்கிறார். அவர் பார்த்த இரண்டு தாள்களிலும் அந்தப் பாறை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு விடையே இல்லை. நம் மாவட்டத்தில் பலர் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான் என்பதால், அந்த விடை எந்தெந்த ஆவணங்களில் கிடக்கிறது, எந்த வரிசையில் அவற்றைத் தேட வேண்டும் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நிலம் யாருடையது என்பது ஒன்று. அந்த நிலத்தின் அடியில் உள்ள கனிமம் யாருடையது என்பது இரண்டாவது. அதைத் தோண்டி எடுக்க அனுமதி கொடுப்பவர் யார் என்பது மூன்றாவது. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான வழக்குகள் எழுகின்றன. மூன்றாவது கேள்விக்கு மட்டும் சட்டம் நேரடியாகப் பதில் சொல்கிறது: 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தின்படி, கனிமம் யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் உரிய குத்தகையோ அனுமதியோ இல்லாமல் அதை எடுக்க முடியாது. கட்டடக் கல், சரளை, சாதாரணக் களிமண், சாதாரண மணல் போன்றவை சிறுகனிமங்கள். அவற்றுக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை அச்சட்டத்தின் 15ஆம் பிரிவு மாநில அரசுக்குக் கொடுக்கிறது. அந்த அதிகாரத்தில் எழுந்தவைதான் 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள். அரசு நிலம், கனிமம் அரசுக்கு உரியதாக உள்ள ரயத்துவாரிப் பட்டா நிலம் (உடைமையாளரே அரசுக்கு நேரடியாகத் தீர்வை கட்டும் நிலம்) என்று அந்த விதிகளே நிலத்தை வகை பிரித்துப் பேசுகின்றன. அதாவது பட்டா இருந்தால் கனிமமும் தானாக வந்துவிடும் என்று விதிகள் கருதவில்லை. அதேபோல எல்லாப் பட்டா நிலத்துக் கனிமமும் அரசுடையது என்றும் கருதவில்லை.

இரண்டாவது கேள்வியில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் திரேசியம்மா ஜேக்கப் வழக்கில் அளித்த தீர்ப்பை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நிலத்தின் உரிமையைப் பின்தொடர்ந்தே அடிமண்ணின் உரிமையும் பொதுவாகச் செல்லும். சட்டப்படியான ஒரு நடவடிக்கையால் உரிமையாளரிடமிருந்து அது எடுக்கப்பட்டிருந்தால் மட்டுமே நிலைமை மாறும் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆனால் அந்த வழக்கில் இருந்தவை மலபார் பகுதியின் ஜன்ம நிலங்கள், அதாவது ஜன்மிகள் எனப்பட்ட பரம்பரை உடைமையாளர்களின் நிலங்கள். மலபார் சென்னை மாகாணத்தில் இருந்தது. நம் நிலம் திருவிதாங்கூரில் இருந்தது. ஆகவே இங்குள்ள ஒருவர் அத்தீர்ப்பை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குச் சென்றால், "உங்கள் நிலம் எந்த வகையில் உண்டானது?" என்ற கேள்விதான் திரும்பி வரும். அந்தக் கேள்விக்கு ஆவணத்தோடு பதில் சொல்லத் தெரிவதுதான் இந்தத் தேடலின் மையம். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்தன. அதற்கு முந்தைய நில வரலாறு முழுவதும் வேறொரு அரசின் கணக்குகளில், பெரும்பாலும் வேறொரு மொழியில் எழுதப்பட்டிருக்கிறது.

புல எண்ணைப் பிடிப்பது

தேடலைப் பெயரிலிருந்து தொடங்கக் கூடாது, புல எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். இன்றைய பட்டாவில் உள்ளது மறுநில அளவைக்குப் பின் வந்த எண். தாத்தா காலத்துப் பிரமாணத்தில் (பத்திரத்தில்) இருப்பது திருவிதாங்கூர் அளவையின் எண். இரண்டுக்கும் இடையிலான பாலம், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டுக் காட்டும் பதிவேடு. வட்டாட்சியர் அலுவலகத்தின் நில அளவைப் பிரிவில் இதற்கு மனு கொடுத்து நகல் கேட்கலாம். ஒரு பழைய எண் நான்கைந்து புதிய எண்களாகப் பிரிந்திருக்கலாம். இரண்டு பழைய எண்களின் துண்டுகள் ஒரே புதிய எண்ணுக்குள் சேர்ந்தும் இருக்கலாம். எனவே புலப்படத்தை வாங்கி, பழைய பத்திரத்தில் சொல்லப்பட்ட நான்கெல்லைகளை அதன்மேல் பென்சிலால் குறித்துப் பார்ப்பது நல்லது. பரப்பிலும் கவனம் வேண்டும்: பழையவை ஏக்கர், சென்டில் இருக்கும், புதியவை ஹெக்டேர், ஏர்ஸில் இருக்கும். ஒரு ஏர் என்பது ஏறத்தாழ 2.47 சென்ட். பத்திரத்தின் பரப்புக்கும் பட்டாவின் பரப்புக்கும் இடையில் வேறுபாடு வந்தால், அந்த விடுபட்ட துண்டு பாறைப் புறம்போக்காகக் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கல் இருக்கும் இடம் பெரும்பாலும் அந்தத் துண்டுதான்.

அதற்கு 'அ' பதிவேடு உதவும். கிராம நிர்வாக அலுவலரிடமும், வருவாய்த் துறையின் இணையச் சேவைத் தளத்திலும் இது கிடைக்கிறது. ஒவ்வொரு புல எண்ணுக்கும் எதிரே அது ரயத்துவாரியா அரசு நிலமா, நஞ்சையா புஞ்சையா தீர்வை ஏற்படாத தரிசா புறம்போக்கா என்பதும், பழைய எண்ணும், குறிப்புப் பத்தியும் இருக்கும். குறிப்புப் பத்தியைப் பெரும்பாலானவர்கள் படிப்பதே இல்லை. "பாறை", "கல்குவாரி", "மலை" என்ற ஒரே ஒரு சொல் அங்கே இருந்தால் அதன் விளைவு பெரியது.

வில்லங்கச் சான்று எதைச் சொல்லாது

பதிவுத் துறையின் இணையதளத்தில் புல எண்ணை இட்டு வில்லங்கம் எடுக்கலாம். கணினியில் ஏறாத காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் தனித்தனியாகத் தேடுங்கள். எல்லை மாறிய கிராமங்களில் அந்தந்தக் காலத்தில் எந்தச் சார்பதிவகத்தின் கீழ் கிராமம் இருந்தது என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். இன்று ஓர் அலுவலகத்தின் எல்லைக்குள் இருக்கும் ஊரின் பழைய ஆவணங்கள் வேறோர் அலுவலகத்தின் புத்தகங்களில் இருக்கலாம்.

வில்லங்கத்தில் "குத்தகை" என்று வரும் ஒவ்வொரு பதிவின் முழு நகலையும் கேட்டு வாங்குங்கள். கல் எடுத்துச் செல்லும் உரிமை நிலத்திலிருந்து எழும் பயன் என்பதால், அது அசையாச் சொத்தின் பகுதியாகவே பதிவுச் சட்டத்தில் கருதப்படுகிறது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை கட்டாயம் பதிவாக வேண்டும். ஆகவே பத்து ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவருக்குப் பாறையை உடைக்க எழுதிக்கொடுத்த உடன்படிக்கை அங்கே இருந்தால், அதன் காலம் முடிந்ததா, நீட்டிப்பு உண்டா என்பதை வரிவரியாகப் படிக்க வேண்டும். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் கல்லை எடுக்கலாமா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. குத்தகை தொடங்கியபோது திறந்திராத சுரங்கத்தையோ குவாரியையோ குத்தகைதாரர் வேலை செய்யக் கூடாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்பந்தத்திலோ ஊர் வழக்கத்திலோ மாறாக இல்லாதவரை அதுதான் நிலை.

இனி, வில்லங்கம் காட்டாதவை. உயில் அதில் வராது. நீதிமன்றத் தீர்ப்பாணை பதிவு செய்யப்படாவிட்டால் வராது. இவை இரண்டையும்விட நம் தேடலுக்கு முக்கியமானது: அரசு ஒருவருக்கு நிலத்தை வழங்கிய ஒப்படை ஆவணத்துக்குப் பதிவுச் சட்டத்தின் 90ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆகவே நிலம் அரசிடமிருந்து தனியாருக்கு வந்த அந்த முதல் ஆவணம் வில்லங்கத்தில் தென்படாமலேயே போகலாம். கனிமம் குறித்த நிபந்தனை இருப்பதும் அந்த ஆவணத்தில்தான். தமிழ்நாட்டில் நிலமற்றவர்களுக்கு வழங்கப்படும் ஒப்படைப் பட்டாவின் நிபந்தனைகளில், அடியில் உள்ள சுரங்கம், குவாரி உரிமைகளை அரசு தன்னிடமே வைத்துக்கொள்ளும் வரி வழக்கமாக இடம்பெறும். அப்பட்டாவை வாங்கியவர் விற்று, அவரிடம் வாங்கியவர் மறுபடியும் விற்று, நான்காவது கைக்கு வரும்போது பத்திரத்தில் அந்த வரி காணாமல் போயிருக்கும். பத்திரத்தில் காணாமல் போனாலும் நிபந்தனை காணாமல் போவதில்லை. எனவே கிரயப் பத்திரத்தின் வரலாற்றுப் பகுதியில் "அரசால் ஒப்படை செய்யப்பட்ட" என்ற சொற்கள் தென்பட்டால், வட்டாட்சியர் அலுவலகத்தில் அந்த ஒப்படைக் கோப்பின் நகலைக் கேட்டு வாங்காமல் மேலே செல்லாதீர்கள்.

பத்திரத்தின் எட்டுச் சொற்கள்

பழைய கிரயங்களில் ஒரு நீண்ட வாய்பாடு வரும்: நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அட்சிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் ஆகிய அஷ்டபோகங்களுடன் விற்றதாக எழுதியிருப்பார்கள். நிதி என்பது புதையல், நிட்சேபம் என்பது புதைத்து வைத்தது, ஜலம் நீர், பாஷாணம் கல். விஜயநகரக் காலத் தானச் சாசனங்களிலேயே காணப்படும் இந்த வாய்பாட்டை, பாஷாணம் என்ற சொல் இருக்கிறதே, ஆகவே பாறை என்னுடையது என்று காட்டுபவர்கள் நிறைய உண்டு. அச்சொல்லுக்கு மதிப்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. விற்பவர் கல்லைத் தனக்கென்று ஒதுக்கிவைக்காமல் முழுவதையும் கொடுத்தார் என்பதை அது நிறுவும். ஆனால் தன்னிடம் இல்லாததை எவரும் விற்க முடியாது. அரசு கனிமத்தைத் தன்னிடம் நிறுத்திக்கொண்டு நிலத்தை வழங்கியிருந்தால், அதன்பின் ஐம்பது கிரயங்களில் பாஷாணம் என்று எழுதினாலும் உரிமை பிறக்காது. நிதிக்கும் இதே நிலைதான்: 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் தனியாக இருக்கிறது.

வாய்பாட்டைவிட விலக்குகளைத் தேடுங்கள். "பாறை நீங்கலாக", "கல் எடுக்கும் உரிமையை எழுதிக்கொடுப்பவர் வைத்துக்கொண்டு" என்பது போன்ற வரிகள் பெரும்பாலும் சொத்து விவரத்தின் கடைசியில், நான்கெல்லைக்குப் பிறகு, சிறிய எழுத்தில் வரும். பாகப்பிரிவினையில் நிலத்தைப் பிரித்துவிட்டுப் பாறையை மட்டும் எல்லோருக்கும் பொதுவாக வைத்த உடம்படிகளும் உண்டு. அப்படியிருந்தால் இன்று அந்தப் பாறையில் எத்தனை வாரிசுகளுக்குப் பங்கு என்று கணக்கிட வேண்டும். அங்கே காணி என்று எழுதியிருந்தால் அது எண்பதில் ஒரு பங்கைக் குறிக்கும் பின்னமாக இருக்கலாம், நில அளவு என்று எண்ணிவிடக் கூடாது.

பங்கைப் பற்றிப் பேசும்போது மருமக்கவழியையும், அதாவது தாய்வழியில் சொத்து இறங்கும் முறையையும், சொல்ல வேண்டும். நாஞ்சில்நாட்டு வேளாளர், நாயர் குடும்பங்களின் பழைய விற்பனைகளில், காரணவர் (குடும்பத் தலைவர்) மட்டும் கையெழுத்திட்டாரா, தாய்வழியில் உரிமையுள்ள மற்றவர்களும் சேர்ந்தார்களா என்று பார்க்க வேண்டும். 1925இன் நாயர் சட்டமும் 1926இன் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டமும் வந்த பிறகு நிலைமை மாறியது. ஆகவே பத்திரம் அதற்கு முன்னதா பின்னதா என்பது முதல் கேள்வி.

திருவிதாங்கூர்க் காகிதங்கள்

1956க்கு முந்தைய ஆவணங்களில் தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். சிங்ங மாதம், அதாவது நம் ஆவணி, தொடங்கித் தனு மாதத்தின் நடுப்பகுதி வரை 824ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும்; அதன்பின் கர்க்கடகம் முடியும்வரை 825ஐக் கூட்ட வேண்டும். எங்கள் குடும்பத்துப் பிரமாணம் ஒன்றில் 1098 மகரம் என்று இருந்தது. நான் 824ஐக் கூட்டி 1922 என்று மனுவில் எழுதிக் கொடுத்தேன். அந்த ஆண்டுக்கான புத்தகத்தில் இல்லை என்று பதில் வந்தது. மகரம் தனுவுக்குப் பின் வருவதால் அது 1923இன் தொடக்கம். மறுமனு கொடுத்து நகல் கைக்கு வர இரண்டு மாதம் கூடுதலாக ஆயிற்று. மனுவில் கொல்லம் ஆண்டையும் மாதத்தையும் உள்ளபடியே எழுதி, ஆங்கில ஆண்டைப் பக்கத்தில் குறிப்பதே நல்ல வழி. அந்தக் காகிதத்தைக் கையில் விரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது: எழுத்து மலையாளம், ஆனால் விளையின் பெயரும் எல்லைகளின் பெயரும் சுத்தத் தமிழ். விளையின் பெயர் மாறாமல் இருப்பதால், எண்கள் குழம்பும்போதெல்லாம் அந்தப் பெயர்தான் வழிகாட்டியது.

பழைய காகிதத்தில் நிலத்தின் வகையைக் குறிக்கும் சொல்லைக் கண்டுபிடியுங்கள். பண்டாரவகை என்றால் சர்க்காரின் நிலம் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) விடப்பட்டது; 1865ஆம் ஆண்டின் பண்டாரவகைப் பாட்டப் பிரகடனம் அத்தகைய நிலத்தை வைத்திருந்த குடிகளுக்கு அதை விற்கவும் ஒற்றி வைக்கவும் வாரிசுக்கு விடவும் உரிமை கொடுத்தது. ஸ்ரீபண்டாரவகை என்றால் பத்மநாபசுவாமி கோயிலுக்குரியது. குமரி மாவட்டத்தில் அவ்வகை நிலங்கள் 1964இல் இயற்றப்பட்ட சட்டத்தால் ரயத்துவாரியாக மாற்றப்பட்டன. ஜன்மம் என்றால் ஜன்மிக்கும் குடியானுக்கும் இடையிலான உறவு. ஜன்மிக்குரிய தொகையான ஜன்மிகரம் செலுத்துவதும் 1964இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கண்டுகிருஷி என்பது அரசரின் சொந்தப் பண்ணை நிலம். தேவஸ்வம் (கோயிலுக்குரியது), பிரம்மஸ்வம் (பிராமணருக்குரியது) என்பவையும் தனித்தனி வகைகள். இவற்றில் ஒவ்வொன்றிலும் குடிக்குக் கிடைத்த உரிமையின் அளவு வேறு, அரசு தன்னிடம் நிறுத்திக்கொண்டதும் வேறு. அந்த நிறுத்திவைப்பு உங்கள் பத்திரத்தில் எழுதப்படாமல், பொதுவான பிரகடனத்திலோ செட்டில்மென்ட் (நிலவரித் திட்டம்) நிபந்தனையிலோ இருக்கலாம் என்பதால், பத்திரத்தில் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. திருவிதாங்கூர் அரசின் பழைய ஆவணங்கள் திருவனந்தபுரத்தில் கேரள மாநில ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் உள்ளன. செட்டில்மென்ட் கணக்கின் நகல் மாவட்டத்தில் கிடைக்காதபோது அங்கே செல்ல வேண்டியிருக்கும். பழைய மலையாளக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். வகையைக் குறிக்கும் அந்த ஒரு சொல்லைக் கண்டுபிடித்த பிறகு வழக்கறிஞரிடம் செல்வது, வெறும் பட்டாவோடு செல்வதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

கடற்கரையில் நிலைமை வேறு

மணவாளக்குறிச்சியில் 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் மோனசைட்டைக் கண்டறிந்த நாளிலிருந்து நம் கடற்கரை மணலுக்கு வேறொரு வரலாறு உண்டு. இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், சில்லிமனைட், மோனசைட் ஆகியவை சேர்ந்த கருமணல் சிறுகனிமம் அல்ல. மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அணுக்கனிமங்களுக்கான மத்திய விதிகளின் கீழ் வருகிறது. 1950இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனமான இந்தியன் ரேர் எர்த்ஸ் (இன்றைய பெயர் ஐ.ஆர்.இ.எல்) மணவாளக்குறிச்சியில் இதை எடுக்கிறது. தனியார் கடற்கரை மணல் எடுப்பதைத் தமிழக அரசு 2013இல் தடுத்து நிறுத்தியது. ஆகவே கடலோரத்தில் தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்கு "மணலை நான் விற்கலாமா?" என்ற கேள்வி பயன்படாது. அவர் கேட்க வேண்டியது: என் புல எண் யாருடைய சுரங்கக் குத்தகைப் பகுதிக்குள்ளாவது வருகிறதா?

கிள்ளியூர் வட்டத்துக் கடலோர ஊர்கள் இந்தக் கேள்வியோடுதான் இன்று போராடிக்கொண்டிருக்கின்றன. குத்தகைப் பகுதிக்குள் புல எண் வந்துவிட்டது என்பதால் நிலம் பறிபோய்விட்டது என்று பொருளல்ல. மேற்பரப்பின் உரிமை பட்டாதாரரிடமே இருக்கும், குத்தகைதாரர் உள்ளே வந்தால் மேற்பரப்பில் இருப்பவருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24அ பிரிவு சொல்கிறது. இதைத் தெரிந்து வைத்திருப்பவர் பயத்தில் கையெழுத்திட மாட்டார்.

கனிமத் துறையின் பக்கம்

நிலத்தின் கணக்குகளை முடித்த பிறகு, நாகர்கோவிலில் மாவட்ட ஆட்சியரகத்தின் புவியியல் மற்றும் சுரங்கப் பிரிவில் மறுபக்கத்தைத் தேட வேண்டும். உங்கள் புல எண்ணுக்குக் குத்தகை வழங்கப்பட்டதா, விண்ணப்பம் நிலுவையில் உள்ளதா, முன்பு யாராவது விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டதா என்பவை அங்குள்ள கோப்புகளில் இருக்கும். நிராகரிப்பு ஆணை கிடைத்தால் அது மிகவும் பயன்படும். கனிமம் யாருடையது என்று அரசு கருதுகிறது என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். அரசு நிலக் குவாரி ஏல அறிவிப்புகள் மாவட்ட அரசிதழில் வரும். சுற்றுச்சூழல் அனுமதிக்கான விண்ணப்பங்கள் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் புல எண்களோடு பதிவேற்றப்படுகின்றன. உங்கள் எண் உங்களுக்கே தெரியாமல் அங்கே இடம்பெற்றிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

பணம் கட்டிய ரசீதுகளை உரிமைக்குச் சான்றாகக் காட்டும் பழக்கம் உண்டு. 2024 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, ராயல்டி என்பது வரி அல்ல, கனிமத்தை எடுக்கும் உரிமைக்காகக் குத்தகைக்கு எடுத்தவர் விட்டவருக்குக் கொடுக்கும் தொகை என்றும், கனிமம் உள்ள நிலத்துக்கு வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றும் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. அதன்பின் தமிழ்நாட்டில் கனிம நில வரிச் சட்டமும் நடைமுறைக்கு வந்துவிட்டது. வரி கட்டிய சீட்டோ, கனிமத்தை வண்டியில் கொண்டுசெல்லத் தரும் நடைச்சீட்டோ, எடுத்தவர் யார் என்பதைக் காட்டும். சொந்தக்காரர் யார் என்பதைக் காட்டாது.

வீடு கட்ட மேட்டை வெட்டுபவர்களுக்கும் ஒரு சொல். கட்டடம், சாலை முதலியவற்றில் நிரப்பவும் சமப்படுத்தவும் பயன்படும் சாதாரண மண்ணும் 2000 பிப்ரவரி முதல் சிறுகனிமம். அடித்தளம் தோண்டிய மண்ணை அதே மனையில் பரப்புவது வேறு, லாரியில் ஏற்றி வெளியே அனுப்புவது வேறு. இரண்டாவதற்கு முன் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கோப்பில் நேரில் பார்க்க முடியாததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். "என் நிலத்தின் கனிமம் யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டால் அது கருத்து என்று சொல்லி மறுக்க வழி உண்டு, ஆவணத்தைக் கேட்டால் மறுப்பது கடினம். எனவே இப்படி எழுதுங்கள்: "மேற்படி கிராமத்தின் பழைய புல எண் இன்னது, புதிய புல எண் இன்னது தொடர்பாகத் தங்கள் அலுவலகத்தில் உள்ள ஒப்படை ஆணை, குவாரி அல்லது சுரங்கக் குத்தகை ஆணை, குத்தகைப் பத்திரத்தின் அட்டவணை, நிராகரிப்பு ஆணை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை வழங்குமாறு வேண்டுகிறேன், அத்தகைய ஆவணம் இல்லையெனில் இல்லை என்பதையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்." வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒன்று, கனிமத் துறைக்கு ஒன்று என்று இரண்டு மனுக்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு செய்யலாம். "இல்லை" என்று வரும் பதிலையும் பத்திரக் கட்டோடு சேர்த்து வையுங்கள்; கிரயம் பேச அமரும்போது அதை முன்பணம் கைமாறுவதற்கு முன்னரே எதிர்த்தரப்பிடம் காட்டுங்கள்.